கூலி எங்கள் உரிமை, எங்கள் பெயர் அல்ல

(சிலாபத்தில் தோட்டக் கிளைத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் நடத்தப்பட்ட வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்பில் சம்பளச் சபை, சேமலாப நிதி, சந்தாக் கணக்கு என்று மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அதற்கு முன்னால் ஓர் இங்கிலீஷ் சொல்லைப் பற்றி அரை மணி நேரம் பேச வந்திருக்கிறோம். அந்தச் சொல் ‘கூலி’. நீங்கள் சிரிப்பது தெரிகிறது. அது நம்முடைய தமிழ்ச் சொல்தானே என்று கேட்பீர்கள். தமிழ்ச் சொல்தான். ஆனால் இங்கிலீஷ் அகராதியிலும் அது இருக்கிறது. அங்கே அதற்கு அர்த்தம் வேறு.

இதை ஏன் இப்போது பேசுகிறோம்? 2025இல் ரஜினிகாந்தின் ‘கூலி’ படம் வந்தது. பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பெயரை வாயில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். எங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பார்த்து “நீ கூலி வீட்டுப் பிள்ளை” என்று சொல்ல, கைகலப்பாகிவிட்டது. மறுநாள் இரண்டு தாய்மாரும் வந்தார்கள். ஒரு தாய், “எங்களை எப்படி அந்தச் சொல்லால் சொல்லலாம்?” என்று அழுதார். மற்றத் தாய், “நாங்கள் கூலி வாங்கித்தானே சாப்பிடுகிறோம், அதிலே என்ன வெட்கம்?” என்று கேட்டார். இரண்டு பேரும் அதே தோட்டத்தில் தேங்காய் பொறுக்குகிறவர்கள்.

யார் சொன்னது சரி? ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேசினோம், சங்கக் கூட்டத்திலும் பேசினோம். இரண்டு பேர் சொன்னதும் சரி என்பதுதான் எங்கள் முடிவு. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், அந்தச் சொல் போய் வந்த வழியைச் சொல்ல வேண்டும்.

முதலில் எங்கள் கையில் இருக்கிற பொருளிலிருந்து தொடங்குவோம். புத்தளம், குருநாகல், கம்பஹா மூன்றையும் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்கிறார்கள். இங்கே நாங்கள் காய வைக்கிற கொப்பராவை இங்கிலீஷிலும் ‘கொப்ரா’ என்றுதான் சொல்கிறார்கள். அது தமிழிலும் மலையாளத்திலும் உள்ள கொப்பரை என்ற சொல். போர்த்துக்கேயர் வாய் வழியாக அங்கே போனது. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா டா ஓர்ட்டா என்ற போர்த்துக்கேய வைத்தியரின் நூலிலேயே அது இருக்கிறது. தும்பு மில்லில் அடித்து எடுக்கிற தும்புக்கு இங்கிலீஷில் ‘கொய்ர்’ என்று பெயர். அது எங்கள் கயிறு. கட்டுமரமும் சுருட்டும் அப்படிப் போன சொற்கள்தான்.

இவை போய்ச் சேர்ந்தபோது அர்த்தம் பெரிதாக மாறவில்லை. கொப்பரா லண்டனுக்குப் போனாலும் கொப்பராதான். கயிறு தும்பாகிப் போனது, அவ்வளவுதான். பொருளை வாங்கினார்கள், அதன் பெயரையும் சேர்த்து வாங்கினார்கள்.

கூலி என்ற சொல்லுக்கு நடந்தது வேறு.

தமிழில் கூலி என்றால் வேலைக்குக் கிடைக்கிற பலன். மலையாளம், கன்னடம், தெலுங்கு எல்லாவற்றிலும் அதே சொல், அதே பொருள். திருக்குறளின் 619ஆவது குறளில், உடம்பை வருத்தி உழைத்ததற்கு உரிய பலன் என்ற பொருளில் அது வருகிறது. எங்கள் பகுதியில் உள்ள கத்தோலிக்கச் சகோதரர்களுக்குத் தெரியும், திராட்சைத் தோட்டத்துக்கு வேலையாட்களை அழைத்த உவமையில், மாலையில் எசமான் கொடுக்கச் சொன்னது கூலிதான். புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் சகோதரர்கள் படிக்கிற குர்ஆன் தமிழாக்கங்களில், நல்லது செய்தவர்களுக்கு இறைவன் கொடுப்பது ‘நற்கூலி’. தொழிலாளியின் வியர்வை உலர்வதற்கு முன்னே அவனுடைய கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற நபிமொழியை ஜும்ஆப் பிரசங்கத்தில் கேட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். குறளிலும் வேதங்களிலும் இருக்கிற சொல் எப்படிக் கெட்ட சொல்லாகும்?

சிங்களத்திலும் அது இருக்கிறது. வீட்டு வாடகை ‘குலிய’. வாடகைக்கு விடுவது ‘குலியட’. அங்கும் அடிப்படை அர்த்தம், ஒன்றைப் பயன்படுத்தியதற்குக் கொடுக்கும் பணம்.

அதற்காகத் தமிழ் முழுக்கச் சுத்தம் என்று நாங்கள் சொல்லவில்லை. மனம் இல்லாமல் வேலை செய்கிறவரைக் ‘கூலிக்கு மாரடிக்கிறவர்’ என்கிறோம். காசுக்கு ஆளைக் கொல்கிறவர்களைக் ‘கூலிப்படை’ என்கிறோம். உழைத்துச் சாப்பிடுகிறவரைக் குறைத்துப் பார்க்கிற பழக்கம் எங்கள் ஊரிலும் பழையதுதான். ஆனாலும் தமிழில் கூலி என்றால் கையில் வாங்குகிற ஒன்று. வாங்குகிற மனிதருக்குப் பெயர் வேறு: கூலியாள், கூலிக்காரர். சொல்லுக்குப் பின்னால் ஓர் ‘ஆள்’ ஒட்டிக்கொண்டு இருந்தார்.

இங்கிலீஷில் அந்த ‘ஆள்’ காணாமல் போனார். அங்கே கூலி என்றால் பணம் இல்லை, மனிதன். சுமை தூக்குகிற, தோட்டத்தில் வேலை செய்கிற ஆசியாக்காரன்.

இந்த மாற்றம் எப்படி வந்தது? கேணல் ஹென்றி யூலும், சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெலும் சேர்ந்து தொகுத்த ஓர் அகராதி ‘ஹொப்சன்-ஜொப்சன்’ என்ற பெயரில் 1886இல் வெளிவந்தது. இந்தியப் பக்கத்திலிருந்து இங்கிலீஷுக்குப் போன சொற்களின் அகராதி அது. அதில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, குஜராத் பக்கத்தில் வாழ்கிற ‘கோலி’ என்ற மக்களின் பெயர். மற்றது எங்கள் தமிழ்க் கூலி. மேற்குக் கரையில் கேட்ட ஒரு சமூகத்தின் பெயரும், தெற்கில் கேட்ட சம்பளத்தின் பெயரும் போர்த்துக்கேயர் காதில் ஒன்றாகக் கலந்து போயிருக்கலாம். அறிஞர்கள் இன்றும் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். எந்த வழியாகத் தொடங்கியிருந்தாலும், எங்கள் மக்களைக் கப்பலேற்றிய காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பலம் கொடுத்தது தமிழ்க் கூலிதான் என்பது எங்கள் எண்ணம்.

யோசித்துப் பாருங்கள். சம்பளத்துக்கு இங்கிலீஷில் சொல் இல்லாமலா அவர்கள் எங்கள் சொல்லை எடுத்தார்கள்? தாராளமாக இருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது, ஒரு மனிதனை அவனுக்குக் கொடுக்கிற செலவாக மட்டும் எழுதுவதற்கு ஒரு சொல். துரையின் கணக்குப் புத்தகத்தில் உரத்துக்கு ஒரு வரி, மாட்டுக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி.

1834இல் மொரீசியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் இறங்கத் தொடங்கினார்கள். பிரித்தானிய சாம்ராஜ்யத்தில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது அதே வருஷம். அடிமைகள் செய்த வேலைக்குக் ‘கூலிகள்’ வந்தார்கள். 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. சீனாவிலிருந்து கியூபாவுக்கும் பெருவுக்கும் ஏற்றப்பட்டவர்களுக்கும் இதே பெயர்தான். சீன மொழியில் இந்தச் சொல்லை எழுத இரண்டு எழுத்துக்களைப் பிடித்தார்கள். ஒன்றுக்கு அர்த்தம் கசப்பு, மற்றதுக்கு அர்த்தம் பலம். ஓசையும் பொருந்தியது, அவர்கள் பட்ட பாடும் பொருந்தியது.

இலங்கையில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் எங்கள் மக்கள் வந்தது கப்பல் ஒப்பந்தத்தில் அல்ல, கங்காணி கொடுத்த முன்பணத்தில். ஆனால் கட்டு ஒன்றுதான். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போவது மறியலுக்குப் போகிற குற்றம். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் ‘இந்தியக் கூலிகள்’ என்றே அவர்களைக் குறித்தது. நாட்டின் சட்டமே மனிதனைச் சம்பளத்தின் பெயரால் அழைத்தது.

அதே காலத்தில் இன்னொரு தமிழ்ச் சொல்லும் இங்கிலீஷ் அறிக்கைகளுக்குள் போனது: ‘துண்டு’. ஒரு கங்காணியின் கீழ் இருந்த ஆட்களின் கடனை இன்னொரு தோட்டம் கட்டினால் அவர்களை விடத் தயார் என்று துரை எழுதிக் கொடுக்கிற தாள் அது. அந்தத் துண்டு தோட்டம் தோட்டமாகக் கை மாறியது. கடனும் அதோடு ஏறியது. 1921இல்தான் அதைச் சட்டம் தடை செய்தது. கங்காணி, துண்டு, கூலி என்று இங்கிலீஷுக்குப் போன எங்கள் தோட்டச் சொற்களை வரிசையில் வைத்தால் அந்தக் காலத்தின் கதை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

மலைநாட்டுத் தோழர்களிடம் கேட்டால் இன்னொன்று சொல்வார்கள். அங்கே ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் ‘அரைப் பேர்’. செக்ரோலில் பேர் விழுந்தால் சம்பளம். அரைப் பேர் விழுந்தால் பாதிச் சம்பளம். சம்பளம் மனிதனின் பெயராக மாறிய கதையைச் சொன்னோம். இங்கே மனிதனின் பெயரே சம்பளத்தின் அளவாக மாறிவிட்டது. பகல் முழுக்க வெயிலில் நின்ற ஒரு பெண்ணுக்கு மாலையில் பாதிப் பெயர்தான் மிச்சம்.

இந்தப் பெயரை எங்கள் மக்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எதிர்கொள்ளவில்லை. 1893இல் நேட்டாலுக்குப் போன காந்தியை அங்கே ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். அவர் படித்த படிப்பு, போட்ட கோட்டு எதுவும் கணக்கில் இல்லை. இந்தியன் என்றால் கூலி. தமிழர்களின் பெயர்கள் சாமி என்று முடிவதால் எல்லோரையும் ‘சாமி’ என்றும் ஏளனமாகக் கூப்பிட்டார்கள். சாமி என்றால் எசமான் என்று அர்த்தம் என்பதைக் காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தென்னாபிரிக்காவில் கூலி என்பது இன்றும் வசைச் சொல்.

மொரீசியஸில் தொழிலாளர் இறங்கிய துறைக்குக் ‘கூலிக் காட்’ என்று பெயர் இருந்தது. அதை ‘ஆப்ரவாசி காட்’, அதாவது குடிபெயர்ந்தோர் துறை என்று மாற்றினார்கள். 2006இல் அது உலக மரபுரிமைச் சின்னமானது. கயானாவில் ராஜ்குமாரி சிங் என்ற எழுத்தாளர் 1973இல் ‘நான் ஒரு கூலி’ என்ற கட்டுரையை எழுதி, எங்கள் முன்னோரைச் சொன்ன சொல்லை நாங்கள் தலை நிமிர்ந்து சொல்வோம் என்ற வழியைக் காட்டினார். இந்தியாவில் 2016 ரயில்வே பட்ஜெட்டில், நிலையத்தில் பெட்டி தூக்குகிறவர்களை இனிக் கூலி என்று சொல்ல வேண்டாம், ‘சஹாயக்’, அதாவது உதவியாளர் என்று சொல்வோம் என்றார்கள். பெயர் மாறியது நல்லதுதான். அவர்கள் வருமானமும் அதே வேகத்தில் மாறியதா என்பதே தொழிற்சங்கக்காரர் கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது எங்கள் நாட்டுச் சட்டப் புத்தகத்தைத் திரும்பப் பாருங்கள். 1889இல் அது ‘கூலி’ என்றது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது ‘இந்தியத் தொழிலாளர்’ என்றது. 1935இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தபோது அதே மனிதர் சங்கம் சேர உரிமையுள்ள ‘வேலையாள்’ ஆனார். 1941இல் சம்பளச் சபைகள் சட்டமும், 2016இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டமும் எந்த இனம் என்று கேட்காமல் ‘தொழிலாளர்’ என்றே சொல்கின்றன. இந்த மாற்றம் ஒன்றும் அகராதிக்காரர் தந்ததல்ல. கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேஷத்தில் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்த நாட்களிலிருந்து, 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியதிலிருந்து, லயம் லயமாக நடந்தவர்கள் வாங்கித் தந்தது. சங்கம் வளர வளரச் சட்டத்தின் பேச்சும் திருந்தியது.

சரி, இப்போது பழைய சொல் போய்விட்டதே, பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். எங்கள் கரையோரத்துக்கு வாருங்கள். தென்னந்தோட்டத்தில் இன்று நிரந்தரமாகப் பதிந்தவர்கள் எத்தனை பேர்? தேங்காய் பறிக்கிறவருக்கு மரத்துக்கு இவ்வளவு. உரிக்கிறவருக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு. தும்பு மில்லில் கட்டுக்கு இவ்வளவு. இவர்களுக்குப் புதுப் பெயர்கள் வந்திருக்கின்றன: ‘கெஷுவல்’, ‘கொன்ட்ராக்ட்’, ‘மேன்பவர்’. மூன்றும் இங்கிலீஷ். கேட்க மரியாதையாக இருக்கின்றன. ஆனால் ‘நீங்கள் கொன்ட்ராக்ட்தானே’ என்று ஒருவர் சொன்னால், அடுத்ததாக வருகிற வசனம் ‘உங்களுக்குச் சேமலாப நிதி இல்லை’ என்பதாக இருக்கும். அன்று ‘கூலி’ என்ற சொல் செய்த வேலையை இன்று இந்தச் சொற்கள் செய்கின்றன. மனிதனைச் செலவுக் கணக்கில் மட்டும் எழுதி, உரிமைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகின்றன.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதை நன்றாக மனதில் வையுங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டுமானது அல்ல. தற்காலிகமாக வேலை செய்கிறவர், நாள் சம்பளக்காரர், துண்டு வேலைக்காரர் எல்லோருக்கும் அது உண்டு. தொழிலாளியின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி தன் கையிலிருந்து இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2016இல் நாளுக்கு 400 ரூபாயாகத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் 1,080 ரூபாய், 2026 ஜனவரியிலிருந்து 1,200 ரூபாய். இது தரை. இதற்குக் கீழே எந்தப் பெயரைச் சொல்லியும் இறக்க முடியாது. தென்னைச் செய்கைக்கும் தேங்காய் உற்பத்தித் தொழிலுக்கும் தனித்தனிச் சம்பளச் சபைகள் இருக்கின்றன. அந்த விவரத்தை அடுத்துப் பேசுகிற தோழர் சொல்வார்.

எங்கள் பக்கத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. பதிவுள்ள தொழிலாளி, வெளியிலிருந்து உரிக்க வருகிறவரைப் பார்த்து, “அவர் கூலிக்கு வந்தவர், சங்கத்துக்கு அவர் எதற்கு?” என்று சொல்வதைக் கூட்டங்களிலேயே கேட்கிறோம். துரை சொன்ன சொல்லை நாங்கள் பக்கத்து ஆளிடம் சொல்கிறோம். உடப்பிலிருந்து வந்தாலும் மாதம்பையிலிருந்து வந்தாலும், தமிழரோ சிங்களவரோ முஸ்லிமோ, உரிக்கிற கம்பியில் கை கிழிந்தால் எல்லோருக்கும் ஒரே இரத்தம். அவருக்குக் குறைத்துக் கொடுக்கிற நாளில்தான் எங்கள் சம்பளமும் குறையத் தொடங்குகிறது. அவரைச் சங்கத்துக்குள் கொண்டு வராமல் எங்கள் சம்பளத்தை நாங்கள் காப்பாற்ற முடியாது.

ஆகவே ஒவ்வொரு கிளையிடமும் மூன்று காரியங்கள் கேட்கிறோம்.

முதலாவது, பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது ‘தந்தையின் தொழில்’, ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் பலர் ‘கூலி’ என்று சொல்லி எழுதுவிக்கிறீர்கள். கூலி தொழில் அல்ல. தொழிலுக்குக் கிடைப்பது. ‘தென்னந்தோட்டத் தொழிலாளி’, ‘தேங்காய் உரிப்பவர்’, ‘தும்பு ஆலைத் தொழிலாளி’ என்று சொல்லுங்கள். எழுதுகிற ஆசிரியர் மறந்தால் ஞாபகப்படுத்துங்கள். அந்த இடாப்பை அந்தப் பிள்ளை ஒரு நாள் திருப்பிப் பார்க்கும்.

இரண்டாவது, சம்பளத் துண்டு கேளுங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் துண்டு என்பது எங்கள் கடனை எழுதி எங்களைக் கட்டிப் போட்ட தாள். இன்று அதே சொல், வேலை செய்த நாள், கிடைத்த தொகை, கழித்த தொகை, நிதிக்குக் கட்டிய தொகை எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டிய தாள். அது கையில் இல்லாமல் தொழில் அலுவலகத்துக்குப் போனால் வாய்ப் பேச்சுத்தான் மிஞ்சும். கொடுக்க மாட்டோம் என்றால், நாளையும் எண்ணிக்கையையும் வாங்கிய காசையும் நீங்களே ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும். நாங்கள் வகுப்பில் அதற்குப் பழக்குகிறோம்.

மூன்றாவது, அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையும் துண்டு வேலை செய்கிற இரண்டு பேரையாவது அழைத்து வாருங்கள். சந்தா பிறகு பார்ப்போம். முதலில் வந்து உட்காரட்டும்.

அந்த இரண்டு தாய்மாருக்கும் நாங்கள் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறோம். “நாங்கள் கூலி வாங்குகிறவர்கள்” என்று சொல்வதில் வெட்கமே இல்லை. கேட்டு வாங்குங்கள், எண்ணி வாங்குங்கள், குறைந்தால் சண்டை போட்டு வாங்குங்கள். ஆனால் யாராவது “நீ கூலி” என்றால், எங்களுக்குப் பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள்.

இனிச் சம்பளச் சபை விஷயத்துக்குப் போவோம்.